‘எடிட் செய்யவில்லை’ என்பது நற்சான்று அல்ல

மேகம் திரண்ட வானத்தின் கீழ் ஒரு கரிசல்காடு. சுண்ணாம்பு உதிர்ந்த நாட்டு ஓட்டுவீடு. மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம். இப்படி ஒரு படத்தை யாராவது பொதுவில் வைத்தால் முதலில் வந்து விழும் கேள்வி, ‘இது எடிட் பண்ணினதா?’ என்பதுதான். ‘இல்லை, கேமராவில் வந்தது அப்படியே’ என்று சொல்லிவிட்டால் பாராட்டு குவிகிறது. ‘ஆமாம், கொஞ்சம் வேலை பார்த்தேன்’ என்றால் கேட்டவர் முகம் மாறிவிடுகிறது. இயற்கை ஒளியில் எடுத்த படம் கைபடாமல் இருந்தால் அது உண்மை, கைபட்டுவிட்டால் பொய். போட்டி நடத்துபவர்களில் பலரும் பயிற்சி வகுப்பு எடுப்பவர்களில் பலரும் படம் பார்க்கும் பொதுமக்களில் பெரும்பாலோரும் இன்று இந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

இந்த அளவுகோல் தவறானது, தீங்கானதும்கூட. உழைத்து எடுத்த நேர்மையான படத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டு, அப்பட்டமான பொய்யை மாலை போட்டு வரவேற்க இதுவே வழிசெய்கிறது. புயலையும் கிராமத்தையும் படம் எடுப்பவர், படத்தில் கை வைத்தாரா என்பதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருந்ததை இருந்தபடி விட்டாரா, எங்கே எப்போது எப்படி எடுத்தார் என்பதை மறைக்காமல் சொன்னாரா என்பதற்குத்தான் அவர் கணக்குச் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பின் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லவில்லை. 2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பிலேயே வானத்தை மாற்றும் வசதி வந்துவிட்டது. வெறிச்சோடிய நண்பகல் வானத்தைத் தூக்கிவிட்டு, வேறொரு நாட்டின் இடிமேகத்தை நம் ஊர் வயலுக்கு மேல் ஒரே சொடுக்கில் ஒட்டிவிடலாம். அதற்குப் பிறகு வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு வயலும் தேவையில்லை, கேமராவும் தேவையில்லை. வெயிலிலும் மழையிலும் காத்திருந்து எடுத்தவருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து ஒட்டியவருக்கும் ஒரே பரிசு கிடைத்தால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கோபம் நியாயமானது என்பதற்காக, அது பிடித்திருக்கும் கோலும் நேரானது என்று ஆகிவிடாது.

கேமரா தானாகத் தருவது கைபடாத படம் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த வாதம் முழுவதும் நிற்கிறது. முதலில் அதையே சோதித்துப் பார்ப்போம். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு முன்னால் இருப்பது மேகமா சுவரா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கும்படி கணக்குப் போடும். கருமேகம் வானத்தை அடைத்து நிற்கும்போது தானியங்கி முறையில் எடுத்தால், மேகம் வெளுத்துச் சாம்பலாக வரும். அடிவயிற்றைக் கலக்கிய அந்த இருட்டு படத்தில் இருக்காது. அதே கேமரா வெள்ளையடித்த சுவரைப் பார்த்தால் அதை மங்கவைத்து அழுக்காக்கும். நிறத்தைச் சமன்செய்யும் தானியங்கி அமைப்பு, மழைக்கு முந்திய அந்தத் தாமிர மஞ்சளை ‘பிழை’ என்று எண்ணித் திருத்திவிடும். பிறகு எவ்வளவு அழுத்தம், எவ்வளவு கூர்மை, பச்சையை எவ்வளவு தூக்குவது என்பதையெல்லாம் கேமரா நிறுவனத்தின் பொறியாளர்கள் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். இன்றைய கைபேசியோ ஒரு முறை பொத்தானை அழுத்தினால் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைத்துத் தருகிறது. வானத்தைத் தனியாக அடையாளம் கண்டு தனியாகக் கறுப்பேற்றும் கைபேசிகளும் உண்டு. ஆக, நீங்கள் தொடாத படம் என்பது வேறொருவர் தொட்டுக் கொடுத்த படம். அந்த வேறொருவர் உங்கள் ஊருக்கு வந்ததில்லை, அந்த மேகத்தைப் பார்த்ததும் இல்லை. அவருடைய தீர்மானம் உண்மை, அங்கே நின்று நனைந்த உங்கள் தீர்மானம் பொய் என்பது என்ன நியாயம்?

இது டிஜிட்டல் காலத்தில் வந்த சிக்கலும் அல்ல. புகைப்படத்தில் மேகம் வந்ததே பெரும்பாலும் கைவேலையால்தான். 1850களில் கண்ணாடித் தகட்டில் பூசிய கொலோடியன் ரசாயனம் நீல ஒளிக்கு மிதமிஞ்சி வினைபுரியும். நிலம் சரியாகப் பதியும் வரை காத்திருந்தால் வானம் மொத்தமாக எரிந்து வெறும் வெள்ளையாகிவிடும். அன்றைய நிலக்காட்சிப் படங்களில் வானம் மொட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பிரான்ஸில் குஸ்தாவ் லெ க்ரே 1856, 1857 வாக்கில் எடுத்த கடற்காட்சிகளில் பலவற்றைக் கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று இரண்டைச் சேர்த்துத்தான் அச்சிட்டார். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சாயம் கலந்து தகட்டின் நிற உணர்வை விரிவாக்கலாம் என்று கண்டுபிடித்தார். அதன் வழியில் வந்த ஃபிலிமோடு மஞ்சள், சிவப்பு ஃபில்டர்களும் சேர்ந்துகொண்டன. லென்ஸின் முன் சிவப்புக் கண்ணாடியைப் போட்டால் நீல வானம் கறுத்து, வெண்மேகம் புடைத்து எழுந்து நிற்கும். நம் தாத்தா காலத்து ஸ்டுடியோக்காரர்கள் மஞ்சள் ஃபில்டர் இல்லாமல் வெளியூர்ப் படத்துக்குக் கிளம்பியிருக்க மாட்டார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் சொல்வதில்லை. கண் கண்ட மேகத்தை அந்தக் கண்ணாடி இல்லாமல் ஃபிலிமுக்குக் காட்ட வழியில்லை.

கறுப்பு வெள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் எந்தப் புயலும் கறுப்பு வெள்ளையில் வீசுவதில்லை. நிறம் முழுவதையும் கழற்றி எறிவதைவிடப் பெரிய குறுக்கீடு வேறு என்ன இருக்கிறது? அமெரிக்கச் சமவெளிகளில் சுழன்றெழும் இடிமேகங்களை மிட்ச் டோப்ரோனர் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். 2012ஆம் ஆண்டு சோனி உலகப் புகைப்பட விருதுகளின் உச்சப் பரிசு அந்தப் படங்களுக்குக் கிடைத்தது. ‘எடிட் பண்ணினதா?’ என்று கேட்கும் அதே ஆள் கறுப்பு வெள்ளைப் படத்தின் முன்னால் கைகட்டி நின்று, ‘எவ்வளவு உண்மையாக இருக்கிறது’ என்கிறார். குறுக்கீட்டின் அளவுக்கும் உண்மையின் அளவுக்கும் நேர் உறவு இல்லை என்பதை அவர் கண் ஏற்றுக்கொள்கிறது, வாய்தான் மறுக்கிறது.

அமெரிக்காவில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். ஒன்று, அன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் 1941இல் எடுத்த நிலவு எழும் காட்சி. சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். மண்ணால் கட்டிய தேவாலயம், கல்லறைத் தோட்டத்து வெள்ளைச் சிலுவைகள், தூரத்துப் பனிமலை, அதற்கு மேல் நிலவு. மறையும் சூரியனின் கடைசி வெளிச்சம் சிலுவைகளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனப்பாடமாகத் தெரிந்ததால் அதை வைத்தே கணக்குப் போட்டு, மஞ்சள் ஃபில்டரோடு ஒரு விநாடி திறந்து எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் ஒளி போய்விட்டது.

அந்த ஒரு நெகடிவில் முன்னிலம் மிக மெலிந்து பதிந்திருந்தது. 1948இல் நெகடிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் நனைத்து அடர்த்தியேற்றினார். அச்சிடும்போது வானத்துக்குத் தனியாக ஒளியூட்டிக் கறுக்கவைத்தார். முதலில் வந்த அச்சுகளில் வானத்தில் வெளிறிய மேகத் தீற்றல்கள் தெரியும். பிந்திய அச்சுகளில் வானம் ஏறத்தாழ முழுக் கறுப்பு. நெகடிவ் என்பது இசையமைப்பாளர் எழுதிவைத்த குறிப்பு, அச்சு என்பது கச்சேரி என்று அவர் சொல்வதுண்டு. நம் ஊர் அளவுகோலின்படி இது சந்தேகத்துக்கு இடமில்லாத பொய்ப்படம்.

ஆனால் நடந்தது வேறு. ஆடம்ஸுக்கு அந்தப் படம் எடுத்த தேதியே நினைவில்லை. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். வானியல் அறிந்தவர்கள் படத்தில் நிலவு நிற்கும் இடத்தையும் மலையையும் தேவாலயத்தையும் வைத்துக் கணக்கிட்டார்கள். டேவிட் எல்மோர் முதலில் ஒரு தேதியைக் கண்டார். டென்னிஸ் டி சிக்கோ அதைத் திருத்தி, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று 1991இல் நிறுவினார். வானத்தை எவ்வளவு கறுக்கவைத்தும் நிலவு அதன் இடத்திலேயே இருந்தது. மலை மலையாக இருந்தது. எடுத்தவருடைய நினைவைவிட அந்தப் படம் நம்பகமான சாட்சியாக நின்றது. ஏனென்றால் அவர் ஒளியின் அளவைத்தான் தொட்டார். அங்கே இருந்த எதையும் எடுக்கவில்லை, இல்லாத எதையும் வைக்கவில்லை.

இரண்டாவது படம் ஆர்தர் ராத்ஸ்டைன் எடுத்தது. 1936 மே மாதம், தெற்கு டகோட்டா. அரசின் மீள்குடியேற்றத் துறைக்காக வறண்ட கிராமங்களைப் பதிவு செய்துகொண்டிருந்த இளைஞர் அவர். பாளம் பாளமாக வெடித்த உவர்நிலத்தில் வெளுத்துக் கிடந்த மாட்டுமண்டை ஓட்டைக் கண்டார். பல கோணங்களில் எடுத்தார். இடையில் மண்டை ஓட்டைச் சில அடிகள் தள்ளிவைத்தும் எடுத்தார். ஏறத்தாழ பத்து அடி என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். முழுக்க முழுக்க வெயில் வெளிச்சம். இருட்டறையில் எந்தச் சித்துவேலையும் கிடையாது. இன்றைய போட்டி விதிகளில் ‘எடிட் செய்யாத படம்’ என்ற வரியைக் கேள்வியில்லாமல் தாண்டிவிடும் படம்.

ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வறட்சிப் பகுதிகளுக்கு ரயிலில் வந்தபோது, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகர நாளிதழ் இந்தப் படத்தைப் போலி என்று முதல் பக்கத்தில் சாடியது. தேர்தல் ஆண்டு, எதிர்க்கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய அரசியல் நோக்கத்தைத் தள்ளிவைத்தாலும், எழுப்பிய கேள்வியில் சாரம் இருந்தது. மண்டை ஓடு இடம் மாறியிருந்தது. கோடை வறட்சி உச்சத்தை எட்டுவதற்கு முன்பு மே மாதத்தில் எடுத்த படம், அந்தக் கோடை வறட்சியின் அத்தாட்சியாகப் பத்திரிகைகளில் ஓடியிருந்தது. வறட்சி உண்மை, மக்கள் பட்ட பாடு உண்மை, படமும் ‘கைபடாதது’. இருந்தும் நம்பிக்கை உடைந்தது. உடைத்தவை தள்ளிவைத்த மண்டை ஓடும், கீழே எழுதிய குறிப்பும். ஒரு வேளை அன்று அந்த இளைஞர் மண்டை ஓட்டைத் தொடாமல், அச்சில் மட்டும் வானத்தைக் கறுக்கவைத்திருந்தால் யாரும் அவரை அசைத்திருக்க முடியாது.

அவரே அதே ஆண்டு ஓக்லஹோமாவில் எடுத்த புழுதிப்புயல் படமும் இப்படித்தான். தந்தையும் இரு சிறுவர்களும் புழுதிக்குள் குனிந்து நடக்கிறார்கள். பக்கத்தில் பாதி மணலில் புதைந்த கொட்டகை. அவர்களை எப்படி நடக்கச் சொன்னார், சொன்னாரா இல்லையா என்பதில் ராத்ஸ்டைன் எழுதியதற்கும் பிற்காலப் பேட்டிகளில் சொன்னதற்கும் பொருத்தமில்லை. அந்தப் படத்தைப் பற்றி இன்றுவரை நடக்கும் விவாதத்தில் நெகடிவைப் பற்றிய கேள்வி ஒன்றும் இல்லை. விவாதம் முழுவதும் அவர் சொன்ன சொல்லைப் பற்றியது.

இனி நம் ஊருக்கு வருவோம். வார இறுதிகளில் கிராமங்களுக்குப் புகைப்படக்காரர்களைக் கூட்டிப்போகும் பயணங்கள் பெருகிவிட்டன. காலை வெயில் சாய்ந்து விழும் இடத்தில் ஒரு பெரியவரைத் தலைப்பாகையோடு உட்காரவைக்கிறார்கள். பின்னால் ஒருவர் வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுகிறார். மீன் வராத நேரத்தில், மீன் இல்லாத இடத்தில், பரிசலில் நின்று வலை வீசச் சொல்கிறார்கள். வலை சரியாக விரியவில்லை என்றால் மறுபடி வீசச் சொல்கிறார்கள். ஆட்டுமந்தையைப் புழுதி கிளம்பும்படி முன்னும் பின்னும் ஓட்டச் சொல்கிறார்கள். சுற்றி நிற்கும் அத்தனை பேரும் ஒரே படத்தை எடுக்கிறார்கள். இயற்கை ஒளிதான். ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லைதான். ‘நோ எடிட்’ என்று தைரியமாகப் போடலாம். ‘அழியும் கிராமத்தின் அன்றாடம்’ என்ற தலைப்போடு பரிசும் வாங்கலாம். ஆனால் அந்தப் படத்தில் அன்றாடம் எது? அந்தப் பெரியவர் அன்று காலை வாங்கிய கூலியைத் தவிர அதில் உண்மையானது வேறு என்ன?

இதைவிட அமைதியாக நடக்கும் இன்னொன்று உண்டு. ஓட்டுவீட்டுக்குப் பக்கத்தில் கான்கிரீட் மாடி இருக்கிறது. கூரையில் டிஷ் ஆன்டெனா இருக்கிறது. தெருமுனையில் கைபேசிக் கோபுரம் நிற்கிறது. படம் எடுப்பவர் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து, முழங்காலிட்டு உட்கார்ந்தால் மூன்றும் மறைந்துவிடும். கணினியில் அந்தக் கோபுரத்தை அழித்திருந்தால் அவரை வெளியேற்றியிருப்போம். உடம்பை நகர்த்தி அழித்ததால் ‘நல்ல பார்வை’ என்கிறோம். எல்லாப் படத்துக்கும் விளிம்பு உண்டு, எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். விளிம்பு கட்டுவதைக் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. கணினிக்கு முன்னால் நடப்பது மட்டும்தான் மாற்றம் என்ற எண்ணம் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைத்தான் சொல்கிறேன். மாநிலம் முழுவதும் சுற்றிவந்தும் ஒரு ஆன்டெனாகூடக் கண்ணில் படாத கிராமப் படங்களின் தொகுப்பு, ஒவ்வொரு படமும் கைபடாததாக இருந்தாலும், மொத்தத்தில் ஒரு கட்டுக்கதை.

எல்லாவற்றுக்கும் மேலான பொய் நம் கண்ணெதிரே ஒவ்வொரு புயலின்போதும் நடக்கிறது. எந்தப் புயல் கரையை நெருங்கினாலும், வேறு ஆண்டுகளில் வேறு ஊர்களில் எடுத்த மேகங்களும் சாய்ந்த மரங்களும் ‘இப்போது, இங்கே’ என்ற குறிப்போடு கைபேசிகளில் பறக்கின்றன. அவற்றில் மிகப் பல எந்தக் கருவியும் தொடாத, அசல் படங்கள். கஜா புயலில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்த 2018 நவம்பரின் படத்தை இன்னொரு புயலுக்கு ஒட்டினால், அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உண்மை. படம் முழுவதும் பொய். பீதியைக் கிளப்பி மக்களைத் திசைதிருப்பும் இந்தப் பொய்யை ‘எடிட் செய்ததா’ என்ற கேள்வியால் பிடிக்கவே முடியாது. ‘எப்போது, எங்கே’ என்று கேட்டால் அடுத்த நிமிடம் பிடித்துவிடலாம்.

எதிர்த்தரப்பு இங்கே ஸ்டீவ் மெக்கரியின் பெயரை எடுக்கும், எடுக்க வேண்டும். இந்தியப் பருவமழையையும் ராஜஸ்தானத்துப் புழுதிப்புயலில் ஒன்றோடு ஒன்று அணைத்து நின்ற பெண்களையும் எண்பதுகளில் எடுத்து உலகப் புகழ் பெற்றவர். 2016இல் அவருடைய படங்கள் சிலவற்றில் ஆட்களும் பொருள்களும் நீக்கப்பட்டிருப்பது வெளியே வந்தது. மழையில் கால்பந்து ஆடும் சிறுவர்களின் படத்தில் ஒரு சிறுவன் காணாமல் போயிருந்தான். தான் செய்தியாளன் அல்ல, காட்சிவழிக் கதைசொல்லி என்று அவர் பதில் சொன்னார். ‘பார்த்தீர்களா, எடிட் என்று இறங்கினால் இங்கேதான் போய் முடியும்’ என்பது வாதம்.

நான் அதே படத்தைக் காட்டித்தான் எதிர்ப்பக்கம் வாதிடுகிறேன். அங்கே நம்மை உறுத்துவது எது? மழையின் நிறத்தை அவர் அழுத்தமாக்கியதா? இல்லை. மழையில் நனைந்துகொண்டு பந்தின் பின்னால் ஓடிய ஒரு பையன், படத்தின் அமைப்புக்கு இடைஞ்சலாக இருந்தான் என்பதற்காக இல்லாமல் ஆக்கப்பட்டிருக்கிறான். அவன் அங்கே இருந்தான். அதை மறுப்பதுதான் பொய். ‘எல்லா எடிட்டும் ஒன்றுதான்’ என்று சொல்பவர்கள், மேகத்தைக் கறுக்கவைத்தவரையும் ஒரு சிறுவனை அழித்தவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிறார்கள். அதனால் லாபம் யாருக்கு? ‘எல்லோரும்தானே செய்கிறார்கள்’ என்று அழித்தவர் தப்பித்துக்கொள்கிறார்.

உலகப் பத்திரிகைப் படப் போட்டி இந்தக் கோட்டைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறது. 2010இல் தெருச்சண்டை பற்றிய ஒரு படத்தொடருக்குக் கொடுத்த பரிசை அது திரும்பப் பெற்றது. அந்தத் தொடரில் ஒரு படத்தின் பெரும்பகுதியை எடுத்தவர் வெட்டியிருந்தார், கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார், ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். இவை எதுவும் குற்றமாகவில்லை. பின்னணியில் தெரிந்த ஒருவரின் பாதத்தின் சிறு துண்டை அழித்திருந்தார். அதற்குத்தான் பரிசு போனது. கேமரா பதப்படுத்தாமல் பதிந்துவைத்த அசல் ரா ஃபைலோடு ஒப்பிட்டபோது அது தெரியவந்தது. அசலைக் கேள், உள்ளடக்கத்தை ஒப்பிடு, தொனியை எடுத்தவரின் பொறுப்பில் விடு. இதைவிடத் தெளிவான நடைமுறை வேண்டுமா?

தொனியை மாற்றியும் பொய் சொல்லலாமே என்று கேட்பார்கள். சொல்லலாம். மூட்டத்தை நீக்கும் ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்தால் சாதாரண ஐப்பசி மேகம் ஊழிக்கால மேகமாகிவிடும். 1994இல் டைம் இதழ் ஓ. ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தைக் கறுக்கவைத்து அட்டையில் போட்டது ஒரு மனிதன் மேல் ஏற்றிய கறையாகவே முடிந்தது. அதனால்தான் தொனியை எடுத்தவரின் பொறுப்பு என்கிறேன். பொறுப்பு என்றால் அங்கே நின்று கண்டதற்குக் கட்டுப்படுவது. அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு படத்தைச் சொல்கிறேன்.

எட்டயபுரம் பக்கம் ஒரு கரிசல் கிராமம், ஐப்பசி மாலை. வடகிழக்குப் பருவக்காற்றில் மழை மேகம் கிழக்கே கடற்பக்கத்திலிருந்து ஏறிவரும். மேற்கில் சூரியனுக்கு இன்னும் வழி இருக்கும். அதனால் கீழ்வானம் கன்னங்கரேலென்று இருக்க, மேற்குப் பார்த்த சுவர்கள் மட்டும் பற்றிக்கொண்டதுபோல் ஒளிரும். அன்றும் அப்படித்தான். குளிர்ந்த காற்று ஒரு வீச்சு வீசிப் புழுதியைக் கிளப்பியது. ஆடு மேய்த்தவர் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு மந்தையைத் திருப்பினார். எதிரே ஒரு பழைய வீடு. சுண்ணாம்பு பெயர்ந்து உள்ளிருந்த மண் தெரியும் சுவர், அதில் பாதி அழிந்த தேர்தல் சின்னம், கூரையில் துருப்பிடித்த டிஷ். சுவரின் வெளிச்சம் எரிந்துபோகாதபடி அளவைக் குறைத்து எடுத்தேன். கேமரா தானாகத் தந்த படத்தில் சுவர் வெளிறிய பழுப்பு, மேகம் நீலச் சாம்பல், நடுவே இறங்கிக்கொண்டிருந்த மழைத்திரை காணவே இல்லை. ரா ஃபைலில் எல்லாம் இருந்தது. மேகத்தின் அடியை இருட்டிலேயே விட்டு, மழைத்திரை தெரியும் அளவுக்கு மட்டும் தூக்கினேன். சுவரின் மஞ்சளைத் திரும்பக் கொடுத்தேன். டிஷ்ஷையும் சின்னத்தையும் தொடவில்லை; அந்த வீடு எந்தக் காலத்தில் நிற்கிறது என்பதைச் சொல்ல அவைதான் இருக்கின்றன. இரண்டு படங்களையும் அந்த ஆடு மேய்த்தவரிடம் காட்டினால் எதை அன்றைய மாலை என்று சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நிலத்தை அறிந்தவர் கையில் இருக்கும் சுதந்திரத்துக்கு நிலமே காவல். ஆனி, ஆடியில் சென்னை, காஞ்சிபுரம் பக்கம் மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். மேகம் முதலில் சூரியனைத்தான் மூடும். சுவரில் வெயில் விழாது, எல்லாம் ஒரே மங்கலாகிவிடும். அந்த மாதத்து மாலை என்று சொல்லி, மேற்கே கருமேகமும் மேற்குச் சுவரில் பளீரென்ற வெயிலுமாக ஒரு படம் வந்தால், வானம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் சமதரையில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. படத்தில் நிழல்கள் ஒரு பக்கம் விழ வானவில் அதற்கு எதிர்ப்பக்கம் நின்றால் அது ஒட்டியது. பத்து மின்னல்கள் ஒரே நேரத்தில் இறங்கினால், அரை மணி நேரத்துப் படங்களை அடுக்கியதா என்று கேட்க வேண்டும். அடுக்கியது என்று அவரே எழுதியிருந்தால் அது நல்ல படம், மறைத்திருந்தால் ஏமாற்று. பொய்யைப் பிடிக்க ஒளியையும் பருவத்தையும் அறிந்த நடுவர் வேண்டும். ‘எடிட் இல்லை’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லும் விண்ணப்பப் படிவம் அந்த அறிவுக்கு ஈடாகாது.

இந்தத் தவறான அளவுகோலுக்கு விலை கொடுப்பவர்கள் இளைஞர்கள். நல்ல படம் எடுக்கும் பிள்ளைகள் தாங்கள் செய்த வேலையை மறைக்கப் பழகுகிறார்கள். ரா ஃபைலில் மணிக்கணக்கில் உழைத்துவிட்டு, ‘அப்படியே வந்தது’ என்று சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால் மதிப்புப் போய்விடும் என்பதால். நேர்மையின் பெயரால் வைத்த விதி அவர்களைப் பொய்யர்களாக்குகிறது. இன்னொரு பக்கம், அந்த விதியை மனதார நம்பும் பிள்ளைகள் படத்தை முடிக்கவே கற்றுக்கொள்வதில்லை. கண்டதற்கும் கேமரா தந்ததற்கும் இடையிலான தூரத்தைக் கடக்காமல் பாதி வழியில் நின்றுவிட்டு, அதையே கொள்கை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

ஆகவே போட்டி நடத்துபவர்களிடமும் ஆசிரியர்களிடமும் பத்திரிகைகளின் பட ஆசிரியர்களிடமும் கேட்பது இதுதான். ‘எடிட் செய்யாத படங்கள் மட்டும்’ என்ற வரியை விதிகளிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் அசல் ஃபைலைக் கேளுங்கள். உள்ளடக்கத்தில் கூட்டியதும் கழித்ததும் இருந்தால் தயங்காமல் வெளியேற்றுங்கள். ஊர், மாதம், நேரம் எழுதாத புயல் படத்தை ஏற்காதீர்கள். படத்தில் இருப்பவரை நிற்கச் சொன்னீர்களா, கூலி கொடுத்தீர்களா என்று கேட்டுப் பதிலைப் படத்தோடு அச்சிடுங்கள். அடுக்கிய படத்தை அடுக்கியது என்றும், அமைத்த காட்சியை அமைத்தது என்றும் சொல்லவைத்துத் தனிப் பிரிவில் மதிப்பிடுங்கள். வகுப்பறையில் வெளிச்சத்தை அளக்கக் கற்றுக்கொடுக்கும் அதே அக்கறையோடு, படத்தை முடித்து அச்சிடவும் கற்றுக்கொடுங்கள்.

இயற்கை ஒளி மேன்மையானதுதான். காத்திருப்பவருக்கு மட்டும் கிடைப்பது என்பதால் அதற்கு அந்த மதிப்பு. ஆனால் ஒளி யாருக்காகவும் சத்தியம் செய்து தராது. சொல்ல வேண்டியவர் படம் எடுத்தவர். இதை நான் இங்கே, இந்த நேரத்தில், இப்படிக் கண்டேன், இன்னது செய்தேன் என்று அவர் பெயரோடு சொல்லட்டும். அப்படிச் சொன்னவரை நம்புவோம்; சொன்னது தவறு என்று தெரிந்தால் கேள்வி கேட்போம். கேமராவின் மேல் பழியைப் போட்டு ஒதுங்கிக்கொள்ள யாருக்கும் இடம் கொடுக்க வேண்டாம்.